ஏற்றுகிறவரே இறக்க வேண்டும்

வீடு மாற்ற ஆள் தேடுகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் லோடுமேனாகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இன்று சென்னையில் சொந்தமாகச் சிறிய அளவில் இந்தத் தொழிலை நடத்தும் நான், என் தங்கை வீடு மாற்றுவதாக இருந்தால் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்: "எங்கள் வீட்டில் சாமான் கட்டுகிற ஆட்களேதான் அங்கே வந்து இறக்குவார்களா?"

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இது. சாமான் உடைவதும் தொலைவதும் பெரும்பாலும் கை மாறும் இடத்தில்தான். கட்டியவர் ஒருவர், ஏற்றியவர் இன்னொருவர், நடுவழியில் கிடங்கில் வண்டி மாற்றியவர் மூன்றாமவர், இறக்கியவர் யாரோ என்று ஆகிவிட்டால், விரிசல் விட்ட டிவிக்கு நால்வரில் ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார். காலையில் ஒரு பெட்டியைத் தன் கையால் கட்டியவனுக்கு அதற்குள் கண்ணாடி இருப்பது சாயங்காலமும் நினைவிருக்கும். மறுபடி அதைத் தூக்கும்போது கை தானாகவே மெதுவாகப் போகும். நல்ல நிறுவனம் எது என்று பார்ப்பதெல்லாம், உங்கள் சாமான் எத்தனை கை மாறும் என்று கண்டுபிடிப்பதுதான்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சென்னையில் பக்கத்துத் தெருவுக்கு வீடு மாற்றுவதென்றால் மீன்பாடி வண்டி. கொஞ்சம் வசதியானவர்கள் டெம்போ பிடிப்பார்கள். பாத்திரங்களை அண்டாவுக்குள் அடுக்கி, துணிகளை வேட்டியில் மூட்டை கட்டி, வீட்டுக்காரரே வண்டியில் ஏறி உட்கார்ந்து வருவார். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. அதே காலத்தில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐடி கம்பெனிகள் எழுந்தன. பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று வேலை மாறிப் போகிற குடும்பங்கள் பெருகின. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் சாமான் கட்ட யாருக்கும் நேரமில்லை. கட்டுவது முதல் புது வீட்டில் அடுக்குவது வரை மொத்தமாகச் செய்து தரும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழில் இங்கே அப்படித்தான் வேர் பிடித்தது. அது வளர்ந்த வேகத்தில், வண்டியும் இல்லாமல் ஆளும் இல்லாமல் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இணையத்தில் ஏதோ ஒரு படிவத்தில் பெயரும் நம்பரும் போட்ட மறுநிமிஷம் வரிசையாகப் போன் வருகிறதே, அப்படிப் பேசுகிறவர்களில் பலர் தரகர்கள். உங்கள் விவரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். தொழிலில் அதை லீட் என்போம். போட்ட காசை எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டைப் பார்க்காமலே ஆசை காட்டுகிற ரேட்டைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். பிறகு வேலையை இன்னொருவரிடம் தள்ளிவிடுவார்கள். அவர் ஸ்டாண்டில் கிடைத்த லாரியையும், அன்று காலை முக்கில் வேலைக்காக நின்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார். நாலு பேருக்குத் தெரிந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு தரகரை நம்பி, ஓய்வுபெற்ற ஒரு தம்பதி அண்ணா நகரிலிருந்து பெங்களூருக்கு, மகள் வீட்டுப் பக்கத்தில் குடியேறப் போனார்கள். தூரம் சுமார் 350 கிலோமீட்டர். மறுநாள் காலை சாமான் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. புறநகரில் ஒரு கிடங்கில் இறக்கி, வேறு சரக்கோடு சேர்த்து வேறு லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். நாலாம் நாள், முன்பின் தெரியாத டிரைவர் ஓசூர் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, செக்போஸ்ட் வரி, நுழைவு வரி, வெயிட்டிங் சார்ஜ் என்று பேசிய வாடகை அளவுக்கு இன்னொரு தொகை கேட்டார். பணம் போட்டுவிட்டோம் என்று சொன்னால்தான் வண்டி நகருமாம். அட்வான்ஸ் வாங்கியவரின் போன் அணைந்து கிடந்தது. யாரோ என் நம்பரைக் கொடுக்க, அந்த அம்மா என்னிடம் பேசினார்: "தம்பி, இப்படி ஒரு வரி நெஜமாவே இருக்காப்பா?"

இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு நுழைவு வரி, ஆக்ட்ராய் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. குடும்பம் புழங்கிய பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. "வரி கட்டின ரசீத அனுப்பச் சொல்லுங்கம்மா. இல்லாட்டி வண்டிய நேரா பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க, மாப்பிள்ளையும் நீங்களும் அங்கயே வந்து பேசறோம்னு சொல்லுங்க" என்றேன். டிரைவரின் குரல் இறங்கியது. ஆனாலும் கொஞ்சம் பணம் கொடுத்துத்தான் சாமானை மீட்டார்கள். இரண்டு பேருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அத்தனை நாளும் வெறும் வீட்டில் இரவல் பாயில் படுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு ஆறவே இல்லை. நாங்கள் செய்யும் தொழிலின் பெயரில் நடந்த கொடுமை அது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வீட்டுக்கு வந்து சர்வே செய்கிறார்களா என்பது. வீடியோ காலிலாவது ஒவ்வோர் அறையையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். "ரெண்டு பெட்ரூம் வீடுதானே" என்று போனிலேயே ரேட் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரே அளவு வீட்டில் ஒருவருக்கு நாற்பது பெட்டி சாமான் இருக்கும், இன்னொருவருக்கு நூறு இருக்கும். நல்ல சர்வேக்காரர் சோபாவைப் பார்க்குமுன் பரணைப் பார்ப்பார். அலமாரிக் கதவைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்பார். பால்கனித் தொட்டிகளை எண்ணுவார். லிஃப்ட்டில் பீரோ நுழையுமா, அசோசியேஷனில் சாமான் ஏற்ற இறக்க எந்த நேரம் அனுமதி, லாரி வாசல் வரை வருமா, போகிற வீடு எத்தனையாவது மாடி என்பதையும் விசாரிப்பார். இதையெல்லாம் கேட்காதவர், லாரியில் பாதி ஏற்றிய பிறகு "சாமான் அதிகம் சார்" என்று ஆரம்பிக்கப் போகிறவர்.

பரணில்தான் எங்கள் தொழிலின் உண்மையான சோதனை இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் மூன்று தலைமுறைக் கொலு பொம்மைகள். பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகள், சில காகிதக்கூழ் பொம்மைகள். புதிதாக வந்த பையன் பபிள் ரேப்பை எடுத்து நேராக ஒரு தசாவதார செட்டின் மேல் சுற்றப் போனான். நிறுத்தினேன். வெயில் காலத்தில் மூடிய லாரிக்குள் பிளாஸ்டிக் சூடாகிப் பொம்மையின் வர்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது குமிழ் குமிழாகத் தடம் பதிந்திருக்கும். செய்தித்தாள் சுற்றினால் மை ஏறும். முதலில் பழைய பருத்தி வேட்டித் துணி, அதற்கு மேல்தான் பபிள் ரேப். வில், வேல், நீட்டிய கை போன்ற மெல்லிய பாகங்களுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் துணித் திரி வைத்து நிரப்ப வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் லாரி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலே ராமர் கையில் வில் இருக்காது. படுக்க வைக்காமல் நிற்க வைத்து, ஐந்தடுக்கு அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அட்டைத் தடுப்புப் போட்டு, பெட்டியின் நாலு பக்கத்திலும் "மண் பொம்மை" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினோம். இப்போது எங்களோடு வேலை பார்க்கிறவர்களில் வடமாநிலத் தம்பிகள் நிறைய. அவர்களுக்கும் புரிய வேண்டும். பாட்டி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பொம்மையும் பெட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிகளை வேறு யாரிடமாவது இறக்கக் கொடுக்க எனக்கு மனசு வருமா?

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை உண்டு. சர்வேக்கு வருகிறவரிடம் ஒன்றிரண்டைக் கேட்டுப் பாருங்கள். முன்பக்கக் கதவு வாஷிங்மெஷின் என்றால், டிரம் ஆடாமல் பின்னால் போடும் டிரான்ஸிட் போல்ட்டு இருக்கிறதா என்று அவரே கேட்க வேண்டும். ஃபிரிட்ஜை நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தப்பித் தவறிப் படுக்க வைத்துவிட்டால், சில மணி நேரம் நிற்க விட்ட பிறகே சுவிட்ச் போட வேண்டும். கிரைண்டர் கல்லைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் கட்ட வேண்டும். துகள்பலகை வார்ட்ரோபை ஒரு தடவை கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டை பிய்ந்துவிடும், பழைய உறுதி வராது என்பதை, கழற்றுமுன்பே உங்களிடம் சொல்கிறவர் யோக்கியர்.

அடுத்தது காலம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற்ற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும், முகூர்த்த நாளில், அதுவும் ராகுகாலம் கழித்து ஒரே நேரத்தில் எல்லோருக்கும் லாரி வேண்டும். பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதக் கடைசியிலும் அதே நெருக்கடி. அந்த நாட்களில் நல்ல பெயர் வாங்கிய நிறுவனங்கள்கூட, வந்த வேலையை விட மனமில்லாமல் வெளியாட்களிடம் கொடுத்துவிடுவது உண்டு. எனவே "அன்றைக்கு உங்களுக்கு வேறு எத்தனை வேலை இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வருவது யார்?" என்று கேளுங்கள். பால் காய்ச்சுவதற்கு நல்ல நாள் பாருங்கள். சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், தண்ணீர்க் குடத்தோடு நீங்களே போய்க் காய்ச்சிவிடுங்கள். லாரியை அதற்கு அடுத்து வரும் ஒரு சாதாரண நாளில் வைத்துக்கொண்டால், ஆட்கள் அவசரமில்லாமல் வேலை செய்வார்கள். ரேட்டும் குறையும்.

ஆடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஆடி என்பது பட்டினி மாதம். தினக்கூலிக்கு ஆள் எடுக்கிற நிறுவனம் அப்போது எல்லோரையும் அனுப்பிவிடும். ஆவணியில் புதுக் கும்பல் ஒன்று வரும். அவர்கள் வேலையைக் கற்றுக்கொள்வது உங்கள் வீட்டுப் பீங்கானில். ஆடியிலும் ஆட்களை வைத்துக் காப்பாற்றுகிற நிறுவனத்தில்தான் கை பழகியவர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் சுமைத்தூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982-லேயே சட்டம் வந்து, நல வாரியமும் இருக்கிறது. ஆட்கள் வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, முதுகுக்குப் பெல்ட்டு, கைக்கு உறை கொடுத்திருக்கிறார்களா, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில் தவறே இல்லை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வேலை பார்க்கிற லோடுமேனைவிட அந்த நிறுவனத்துக்கு நல்ல சான்றிதழ் கிடையாது.

காகிதங்களுக்கு வருவோம். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் பதிவு, நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். கொட்டேஷனில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஐபிஏ அப்ரூவ்டு" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது இந்திய வங்கிகள் சங்கம் லாரி ரசீதுகளின் பேரில் வங்கிகள் கடன் கொடுப்பதற்காக வைத்திருக்கும் பட்டியல். உங்கள் டிவியைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள் என்பதற்கு அது உத்தரவாதமாகாது.

சாலை வழியாகச் சரக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு 2007-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2011-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர்கள் போக்குவரத்து அதிகார அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும், ஏற்றிய சரக்குக்கு ரசீது கொடுக்க வேண்டும். நாங்கள் எல்.ஆர். என்று சொல்வது அதைத்தான். இழப்புக்கான பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்கு வரைதான். நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பையும் அது தாண்டாது. இருபதாயிரம் வாடகை என்றால் அதிகபட்சம் இரண்டு லட்சம். சாமான் அதைவிட மதிப்பானது என்றால், கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்ற பெயரில்தான் ஏமாற்று அதிகம். சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொள்வார்கள். பாலிசி எதுவும் எடுத்திருக்க மாட்டார்கள். பேக்கர்ஸ்காரர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆக முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், உங்கள் பெயர், பொருட்களின் மதிப்புப் பட்டியல் எல்லாம் உள்ள சான்றிதழ் லாரி கிளம்புமுன் கைக்கு வர வேண்டும். பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள், இழப்பீடும் அதற்கேற்பக் குறையும். நீங்களே கட்டி ஒட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது. பில்லில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது சேதம் உங்கள் பொறுப்பு என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடுமுன் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் எழுத்தில் இருக்க வேண்டும். மாடி ஏற்றுக்கூலி, ஏசி கழற்றி மாட்டுவது, தச்சர் கூலி, டோல், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளே அடங்குமா என்று வரி வரியாகக் கேளுங்கள். பதிவுக்குச் சிறு தொகை, ஏற்றிய பிறகு பெரும்பகுதி, இறக்கிச் சரிபார்த்த பிறகு மீதி என்பதுதான் நியாயமான முறை. முழுப்பணத்தையும் முன்னால் கேட்பவரிடம் சாமானைக் கொடுக்காதீர்கள். வெளியூர் என்றால் தனி லாரியா, பிறர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடா என்று தெளிவாகக் கேளுங்கள். பார்ட் லோடு மலிவு, அதில் குற்றமில்லை. ஆனால் நடுவில் கிடங்கில் இறக்கி ஏற்றுவார்கள். கண்ணாடியும் பொம்மையும் உள்ள வீட்டுக்குத் தனி லாரியே நல்லது. செலவைக் குறைக்க விரும்பினால், அங்கிருந்து வந்துவிட்டு ஊர் திரும்புகிற வண்டியைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்றுகிற அன்று உங்கள் பங்கும் உண்டு. நகை, பணம், பத்திரம், சான்றிதழ்கள், மருந்து, பீரோ சாவி எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். பீரோவைக் காலி செய்துவிடுங்கள்; துணியோடு தூக்கினால் கதவு வளைந்து பூட்டு விழாது. கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள். வெளியூர் போவதானால் ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே என்ன என்று எழுதிய பட்டியலில் இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கலையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அது எங்களுக்கும் பாதுகாப்பு. லாரி நம்பரைப் போட்டோ எடுங்கள், எல்.ஆரில் உள்ள நம்பரோடு ஒத்துப் பாருங்கள். டிரைவர் நம்பரை வாங்கி, அங்கேயே ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.

இறக்கும்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஒருவர் நின்றாக வேண்டும். எண்ணிக்கை சரியான பிறகு, உடையக்கூடிய பெட்டிகளை ஆட்கள் இருக்கும்போதே பிரியுங்கள். சேதம் இருந்தால் டெலிவரி காகிதத்திலேயே எழுதி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். "நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து பேசுவாங்க சார்" என்பதை ஏற்காதீர்கள். தீர்வு வராவிட்டால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது முன்பு சொன்ன 2007 சட்டம். அனுப்பாமல் வழக்குப் போட முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

இத்தனையும் சரிபார்த்த பிறகு தேறுகிற நிறுவனத்தின் ரேட் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலில் ஒரு பகுதி, ஆடியிலும் அடுப்பெரிய வேண்டிய சில வீடுகளுக்குப் போகிறது. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் அன்றைய பரபரப்பில் சாமான் இறக்கிய ஆட்களை விசாரிக்க மறந்துவிடும். ஆனாலும் ஆட்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நிறுவனத்துக்குப் போன் போட்டு, எந்தத் தம்பி நன்றாக வேலை செய்தார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். என் அலுவலகத்துக்கு அப்படி வருகிற ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். வேலை குறைந்த மாதத்தில் யாரை விடக் கூடாது என்று நான் முடிவு செய்வது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.